பின்பக்கம் தாழ்ந்த காண்டெசா

முதலில் கேட்டது உரசல்தான்.

ரோட்டு வேகத்தடைமேல் இரும்பு எதுவோ பிறாண்டிக்கொண்டே இறங்கியது. கடைசியில் டங்கென்று ஒரு முட்டு.

பழைய பட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்த வையாபுரி திரும்பிப் பார்க்கவில்லை.

“காருங்க்கா. லாரி இல்ல,” என்றான். “பின்னாடி படுத்துருச்சு. இடது பக்கம் கொஞ்சம் கூடவே.”

பாவாயி உலை ஊதும் மோட்டாரை நிறுத்தினாள்.

“காது நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா உங்களுக்கு,” என்றாள். “கைதான் இன்னும் வரல.”

சங்ககிரி பைபாஸில் லாரிக்குப் பட்டை கட்டும் கடை அவளுடையது. வண்டிக்கும் அச்சுக்கும் நடுவில் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்கும் எஃகுப் பட்டைகள். வில் மாதிரி வளைந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் ஒரு போல்ட்டு. வருஷக்கணக்கில் பாரம் ஏறி வளைவு படுத்துப்போனால் பிரித்து, காய்ச்சி, அடித்து, மறுபடி வில்லாக்க வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. அவனுக்கு ஐம்பத்து மூன்று. அவன் அவளை அக்கா என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். பக்கத்து டயர் கடைக்காரர்கள் மூன்று வருஷமாக இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள், இன்னும் அலுக்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவன் வந்து நின்று கேட்டது ஒரே கேள்வி.

“உடையாத பட்டை எப்படிங்க பண்றது?”

அவள் சுவரைக் காட்டினாள்.

“சட்டையக் கழட்டி அந்த ஆணியில மாட்டுங்க,” என்றாள்.

அதற்குமேல் பதில் வரவில்லை.

ஏன் கேட்கிறான் என்று அவளும் விசாரிக்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

அவன் லாரி டிரைவராக இருந்தவன். அர்ச்சுனன் அவனுக்கு மாற்று டிரைவர். பதினெட்டு வருஷம் ஒரே கேபின். ஒருவன் ஓட்டுவான், ஒருவன் பின்னால் பலகையில் தூங்குவான். சண்டை போட்டுக்கொண்டால்கூட அடுத்த டீக்கடை வரைக்கும்தான்.

அன்றைக்கு மக்காச்சோள லோடு. நல்ல மத்தியானம். டீக்கு நிறுத்திய இடத்தில் வையாபுரி குனிந்து பார்த்தான். பின்பக்க மெயின் பட்டையில் மயிரிழை மாதிரி ஒரு கீறல்.

“என்னப்பா, தாங்குமா?” என்றான் பலகையில் படுத்திருந்த அர்ச்சுனன். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

“தாங்கும். நீ தூங்கு.”

முக்கால் மணி நேரம் தாங்கியது.

லாரி பள்ளத்தில் சாய்ந்தபோது வையாபுரி கதவோடு வெளியே விழுந்தான். அர்ச்சுனன் தூங்கினபடியே போய்விட்டான்.

கிளம்பும்போது பட்டையைப் பார்த்தது யார் என்று போலீஸில் கேட்டார்கள்.

“அர்ச்சுனன்தாங்க பாத்தான். நல்லாருக்குதுன்னு சொன்னான்.”

எழுதிக்கொண்டார்கள். செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லவா போகிறான்?

எடப்பாடியில் அர்ச்சுனன் மகன் லைசென்ஸை வைத்துக்கொண்டு லாரி நிறுத்தும் செட்டு ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறான். உன் அப்பன் பட்டை பார்த்த லட்சணம்தான் தெரியுமே, போப்பா என்று அனுப்பிவிடுகிறார்கள். மூன்று வருஷமாக இதே கதை. லாரிக்காரர்கள் ஊரில் எதுவும் காதுக்கு வராமல் போகாது. வையாபுரியின் காதுக்கும் வந்துகொண்டுதான் இருந்தது.

உடையாத பட்டை ஒன்றை இந்தக் கையால் செய்துவிட்டால் போதும் என்று அவன் நினைத்தான். அதற்கப்புறம் என்ன என்று அவன் யோசித்ததில்லை.

கார் உள்ளே வந்து நின்றது.

கருஞ்சிவப்புக் காண்டெசா. நீளமான மூக்கு, அகலமான உடம்பு. முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தது.

ஜம்புலிங்கம் இறங்கினார். திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்திருக்கிறவர். அறுபது வயது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை.

“பாத்தியா அம்மணி? ஒரு காலத்துல இவ ரோட்டுல வந்தா அவனவன் ஒதுங்கி நிப்பான். இப்ப நெறமாசச் சினைமாடாட்ட அசைஞ்சு வர்றா.”

பாவாயி காரின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். இறங்கியது. கையை எடுத்தாள். ஏறலாமா வேண்டாமா என்று யோசித்து ஏறியது.

“அண்ணா, இது உங்களுது,” என்றாள்.

“நானுங்களா?”

“காருதானுங்களே. லாரியா?”

மூன்று வருஷத்தில் முழு வேலை எதையும் அவள் அவனிடம் விட்டதில்லை. பிரிப்பான், தேய்ப்பான், தூக்கிக் கொடுப்பான். கடைசி போல்ட்டு அவள் கையால்தான். விட்டுக் கொடு என்று அவனும் கேட்டதில்லை.

பாவாயி சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு வளைவு போட்டாள்.

“இதுக்கு மேல வேண்டாம்.”

அவன் பட்டைகளைக் காய்ச்சி அடித்தான். கோட்டுக்கு மேல் இரண்டு விரல்கடை அதிகமாகவே வளைத்தான். இரண்டு பட்டை கூடச் சேர்த்தான். சிவக்கச் சிவக்க எண்ணெயில் முக்கியவன், அதற்கப்புறம் காட்ட வேண்டிய இளஞ்சூட்டைக் காட்டவில்லை. காட்டினால் எஃகின் விறைப்பு கொஞ்சம் குறையும். கொஞ்சம்கூடக் குறையக்கூடாது அவனுக்கு.

வேலை முடிந்த காரை ஜம்புலிங்கம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“என்னப்பா இது, தேளாட்டக் கொடுக்கத் தூக்கிட்டு நிக்கிது?”

“இனி படுக்காதுங்க. எப்பவும்.”

பாவாயி பார்த்தாள். தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டையும் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஜம்புலிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“ஏப்பா, இது காரா ஆட்டுக்கல்லா? ஒவ்வொரு குழியும் நேரா மண்டைக்கு வருது. வூட்டுக்காரி இனிமே பஸ்ஸுலயே போயிக்கறேங்கறா.”

“ஆனா உடையாதுங்க,” என்றான் வையாபுரி.

அவன் கூடுதலாகச் சேர்த்த பட்டைகளில் ஒன்றைக் கழற்றச் சொன்னாள் பாவாயி. இரண்டு கல்லின்மேல் குறுக்காக வைத்தாள். சம்மட்டியை அவனிடம் நீட்டினாள்.

“அடிங்க.”

அடித்தான்.

ஒரே அடி. பட்டை இரண்டாகப் போய்த் தெறித்தது. உடைந்த இடம் கல்லுப்பு மாதிரி மின்னியது.



அவன் சம்மட்டியைக் கீழே வைத்தான்.

“அப்ப எதுதானுங்க்கா உடையாது?”

பாவாயி கடைக்குப் பின்னால் காட்டினாள். உடைந்த பட்டைகள் இடுப்பு உயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

“அதுல ஒவ்வொண்ணும் உடையாதுன்னு சொல்லிக் கட்டுனதுங்க,” என்றாள். “மறுபடி பண்ணுங்க.”

மறுபடி செய்தான். இந்தத் தடவை வளைவு அவள் போட்ட கோட்டைத் தாண்டவில்லை. கூடுதல் பட்டை இல்லை. இளஞ்சூடு காட்டி ஆறவிட்டான். காரை ஜாக்கியில் தூக்கி, அச்சு தொங்க, பட்டையின் இரண்டு நுனியிலும் வளையமாகச் சுருண்டிருக்கும் கண்ணில் புது ரப்பர் புஷ் கொடுத்து, ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். பாவாயி அன்றைக்கு ஈரோட்டுக்கு எஃகு எடுக்கப் போயிருந்தாள்.

கார் இறங்கியது. சமமாக நின்றது. ஜம்புலிங்கம் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கு வையாபுரி இரண்டு டீ குடித்தான்.

இருபத்திரண்டாம் நாள் வேகத்தடையில் அதே உரசல்.

இடது பக்கம்.

கழற்றிப் பார்த்தார்கள். பட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. புஷ்தான் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி கிழிந்து வந்தது.

பாவாயி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“எப்ப முறுக்குனீங்க?”

“ஜாக்கியில இருக்கும்போதுங்க.”

“தொங்கவிட்டா?”

“ஆமாங்க.”

தெரியாமல் செய்த தப்பு இல்லை. தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் அந்தத் தொங்கலிலேயே பிடித்துக்கொள்ளும். பாரம் வந்து வண்டி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் அது திருகும். திருகித் திருகிக் கிழியும். அதனால்தான் அந்தக் கடையில் கடைசி முறுக்கு எப்போதும் சக்கரம் தரையில் இருக்கும்போது. லாரியானால் லோடோடு, டிரைவரைச் சீட்டில் உட்காரவைத்து. பாவாயி வண்டிக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்கி நின்று முறுக்குவாள். நூறு தடவை அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன் அவன்.

“தெரிஞ்சேதான பண்ணுனீங்க?”

அவன் தரையைப் பார்த்தான்.

“மேல ஆளிருக்கும்போது அடியில நின்னு... கை வரலீங்க்கா.”

“செரி,” என்றாள் பாவாயி.

மறுநாள் காலையில் காரைக் குழிமேல் ஏற்றச் சொன்னாள். வேறொரு லாரியில் கழற்றிய போல்ட்டுகளை ஒரு தட்டில் டீசல் ஊற்றி ஊறப்போட்டுத் துடைத்துக்கொண்டிருந்த வையாபுரி எழுந்து வந்தான். புது புஷ்ஷை மாட்டினான். போல்ட்டுகளைக் கையால் ஓட்டிவிட்டான். சக்கரம் நாலும் தரையில்.

பாவாயி பின்கதவைத் திறந்து, இடது சக்கரத்துக்கு நேர்மேலே உட்கார்ந்தாள்.

“நீங்களும் ஏறுங்க,” என்றாள் காரை எடுக்க வந்து நின்ற ஜம்புலிங்கத்திடம்.

“நான் எதுக்கு அம்மணி?”

“பாரத்துக்குங்க.”

“வூட்டுலதான் அப்படிச் சொல்றாங்கன்னா இங்கயுமா?” என்று சொல்லிக்கொண்டே ஏறினார். கார் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

குழிக்குள் வையாபுரியின் தலைக்கு ஒரு சாண் மேலே காரின் அடிவயிறு. ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டினான்.

கை திரும்பவில்லை.

மேலே சீட்டு லேசாகக் கிரீச்சிட்டது. யாரோ சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

“முறுக்குங்கண்ணா,” என்றது மேலிருந்து பாவாயியின் குரல்.

“எறங்கிக்கங்க்கா. மணல் மூட்டை வெச்சுக்கலாம்.”

“இந்தக் கார்ல மணல் மூட்டையா போகப்போகுது?”

“நாலு மூட்டை போதுமுங்க. நானே தூக்கிட்டு வந்தர்றேன்.”

“நீங்க முறுக்காம நான் எறங்கறதா இல்ல.”

அவன் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றான். வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கவும் இல்லை.

ரொம்ப நேரம் போயிற்று. டயர் கடையில் இரண்டு லாரிக்குப் பஞ்சர் ஒட்டி முடித்தார்கள். மேலே டிபன் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கெல்லாம் பசிக்காதா அம்மணி?” என்றார் ஜம்புலிங்கம்.

“தக்காளிச் சோறுதானுங்க.”

“மூடியில போடு. மூடி போதும்.”

சாப்பிட்டார்கள். ஊறுகாய் இல்லையா என்று கேட்டார். இல்லையென்றாள். நல்லவேளை, டாக்டர் வேண்டாமென்றிருக்கிறார் என்றார்.

பிறகு வாயில் சோற்றோடு, சும்மா கேட்கிற மாதிரி, அடியில் நிற்கிறவனிடம் கேட்டார்.

“ஏப்பா, இந்தத் தடவையாவது தாங்குமா?”

வையாபுரியின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது. குழியின் சிமெண்டில் விழுந்து, உருண்டு, நின்றது.

“என்னப்பா, பதிலையே காணோம்?”

“தாங்கும்னு ஒருத்தங்கிட்டச் சொன்னனுங்க,” என்றான்.

அவன் அச்சைப் பார்த்துப் பேசினான். வேறு எதையும் பார்க்கவில்லை.

“கீறலைப் பாத்தது நானுங்க. பாத்துட்டுத்தான் தாங்கும்னு சொன்னேன். ஊரு பக்கம் வந்துட்டமே, போயிச் சேந்துக்கலாம்னு. அர்ச்சுனன் பலகைய விட்டு எறங்கவே இல்லீங்க. அவன் பட்டையப் பாக்கவே இல்ல. போலீஸ்ல அவன்தான் பாத்தான்னு சொல்லிட்டேன்.”

மேலே மெல்லும் சத்தம் நின்றது.

“அர்ச்சுனன்னா,” என்றார் ஜம்புலிங்கம் மெதுவாக, “எடப்பாடி அர்ச்சுனனா?”

“ஆமாங்க.”

“அவம் பையன் போன மாசம் என்ர செட்டுக்கு வந்தான்.”

வையாபுரி அச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டான்.

“ஒல்லியா இருப்பான். கையில பிளாஸ்டிக் கவர்ல லைசென்ஸு.” கொஞ்சம் நிறுத்தினார். “நானும் அதையே சொல்லித்தான் அனுப்பிச்சேன்.”

டிபன் டப்பா மூடும் சத்தம். ஒரு கிளிப்பு. இன்னொரு கிளிப்பு.

“கீறல் இருக்குதா?” என்று கேட்டாள் பாவாயி.

“எதுலீங்க?”

“உங்க தலைக்கு மேல.”

அவன் இடுப்பிலிருந்து டார்ச்சை எடுத்தான். மெயின் பட்டையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக வெளிச்சம் அடித்தான். துணியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். விரல் நுனியால் தடவினான். இடது முடித்து வலது. கண், நடு போல்ட்டு, ஓரம். மேலே இருந்த இரண்டு பேரும் அசையவில்லை.

“இல்லீங்க,” என்றான். “இன்னிக்கு இல்ல.”

“தாங்குமா?”

“தெரியாதுங்க்கா.”

“செரி. முறுக்குங்க.”

குனிந்து ஸ்பேனரை எடுத்தான். முறுக்கினான். போல்ட்டு நெரிந்தது, பிடித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வலது பக்கம் போனான்.

“இடது முன்கண்ணுல இன்னும் அரைச் சுத்து இருக்குது,” என்றாள் பாவாயி மேலிருந்து. உட்கார்ந்தபடியே எப்படித் தெரிந்ததோ.

அரைச் சுற்று முறுக்கினான்.

ஜம்புலிங்கம் இறங்கினார். வழக்கமாகக் காரைச் சுற்றி வந்து பார்க்கிறவர் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்துவிட்டார். வையாபுரி குழியிலிருந்து ஏறி வருவதற்குள் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாவாயி குழாயடியில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

வையாபுரி அவள் பின்னால் போய் நின்றான். கையெல்லாம் கிரீஸ். நெஞ்சுக்குள் என்னவோ இடம் கிடைத்த மாதிரி இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

“சொல்லிட்டனுங்க்கா,” என்றான். “ஒருவழியா வாயத் தொறந்து சொல்லிட்டேன்.”

அவள் குழாயை மூடினாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. போதுமான நேரம்.

“எங்கிட்ட எதுக்குங்கண்ணா சொன்னீங்க?”



உள்ளே போன மூச்சு பாதியில் நின்றது.

பைபாஸில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒருவன் ஓட்டினான். ஒருவன் தூங்கினான்.

“எடப்பாடிக்கு பஸ்ஸு எத்தனை மணிக்குங்க?”

“நாலேகாலுக்கு. அத விட்டா ஆறரை.”

“நாலேகாலுக்கே போயிர்றனுங்க.”

“திரும்பி வருவீங்களா?”

அர்ச்சுனன் வீட்டு வாசல் அவன் கண்முன் வந்தது. லைசென்ஸ் கவரைப் பிடித்த அந்தப் பையனின் கை வந்தது. அதற்கப்புறம் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

“தெரியாதுங்க.”

பாவாயி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஆக ஐந்து நிமிஷம்.

“அப்ப தட்டுல இருக்கற போல்ட்டையெல்லாம் தொடச்சு வெச்சுட்டுப் போங்க,” என்றாள். “டீசல்ல ரொம்ப நேரம் கெடக்குது.”

வையாபுரி தட்டின் முன்னால் உட்கார்ந்தான். துணியை எடுத்தான். ஒரு போல்ட்டைத் துடைத்து, திருகு மரை மேலே பார்க்க நிறுத்தினான்.

அடுத்ததை எடுத்தான்.